கதவைத் திற, அவசரம்!

குப்பத்திலிருந்து பலமநேருக்குப் போகும் சாலையில் இருக்கிறது சாந்திபுரம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகம். விடிந்தும் விடியாமலும் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீடுகள் இங்கே இன்னும் நிறைய. நாய்க்குட்டி வளர்க்கும் வீடாக இருந்தால் அந்த நேரத்தில் ஒரு கூத்து நிச்சயம். கதவு ஒரு சாண் திறந்ததும் காலிடுக்கில் புகுந்து வெளியே பாய்ந்துவிடும். நாலு காலும் பதிய ஈரக் கோலத்தின் மேல் ஓடி, காய்கறி லாரி வரும் ரோட்டைப் பார்த்துப் பறக்கும். பின்னாலேயே மாவுக் கையோடு, “டாமி! டேய் டாமி!” என்று ஒரு துரத்தல்.

அவசரமாக ஒதுங்கத்தான் ஓடியது என்று நினைப்போம். அதுதான் இல்லை. பத்து நிமிடம் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, ஹாலில் சோபா காலடியில் காரியத்தை முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி படுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு தொல்லையும் பிறக்கிற இடம் ஒன்றுதான்: கதவு. ‘வெளியே போகணும்’ என்று நாய்க்குக் கேட்கத் தெரியவில்லை. ‘போ’ என்று சொல்லும்வரை நிற்கவும் தெரியவில்லை. பெரும்பாலான வீடுகளில் நிற்கச் சொல்லித்தான் மல்லுக்கட்டுகிறார்கள், அதுவும் அதட்டி. கேட்கக் கற்றுத்தருவது யாருக்கும் தோன்றுவதில்லை. தான் கூப்பிட்டபோது யாருமே எழுந்து வராத வீட்டில், ஒரு நாய் எதற்காக அடுத்தவர் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும்?

குட்டிதானே!

சின்ன நாய்கள் இந்திய நடுத்தர வீடுகளுக்குள் வந்ததில் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் பங்குண்டு. 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் டஃபி என்ற வெள்ளை நாய் கிட்டத்தட்ட இரண்டாம் கதாநாயகன். நாம் எல்லோரும் பொமேரியன் என்று கூப்பிடும் அந்த வகையின் சரியான பெயர் இந்தியன் ஸ்பிட்ஸ். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே பக் நாய் ஒன்று நடந்தது. அப்புறம் ஊரெல்லாம் பக். கூடவே வந்த கேள்வி, இந்தச் சின்னவற்றை எப்படிப் பழக்குவது என்பது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தோட்டத்தில் திரிந்தவை. ஹாலில் படுக்கும் நாய்க்கு நம் ஊரில் முன்மாதிரி குறைவு.

‘சின்ன நாய்க்கு மண்டையில் ஏறாது’ என்று ஒரு பேச்சு உண்டு. வியன்னாவில் கிறிஸ்டின் ஆர்ஹன்ட்டும் கூட்டாளிகளும் நாய் வளர்ப்பவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. சின்ன நாய்கள் சொல்பேச்சுக் கேட்பது குறைவு என்பது உண்மைதான். ஆனால் அவற்றை வளர்ப்பவர்கள்தான் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று நடந்துகொள்கிறார்கள். பயிற்சியும் விளையாட்டும் குறைவாகவே கொடுக்கிறார்கள். முப்பது கிலோ லாப்ரடார் விருந்தாளி மேல் தாவினால் வீடே பதறும். நாலு கிலோ நாய் தாவினால், “அச்சோ, செல்லம்!” ஹாலில் பெரிய நாய் போனால் அது பிரச்சினை, சின்ன நாய் போனால் ஒரு துணி போதும். குட்டிதானே என்று விட்ட சலுகைதான் ஆறு மாதத்தில் குணமாகிவிடுகிறது.

எப்போது வரும் என்று தெரிந்தால்

பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவே தெரியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் வரும், அதையும் தாயே சுத்தம் செய்துவிடும். மூன்று வாரம் ஆனதும் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு விலகிப் போய்க் கழிக்கும். எட்டு, ஒன்பது வாரத்தில், காலடியில் என்ன பட்டால் போவது என்ற பழக்கம் ஊன்றத் தொடங்கும். மண்ணா, புல்லா, சிமெண்ட் தரையா, கோணிச்சாக்கா என்பது அப்போது முடிவாகிறது. நாள் முழுக்கக் கூண்டில் கிடந்து, படுத்த இடத்திலேயே போய்ப் பழகி விற்பனைக்கு வரும் குட்டிகளோடு வீடுகள் கூடுதலாக மல்லுக்கட்டுவது இதனால்தான்.

அடக்கும் திறனுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் பகலில் தாங்கும் மணிநேரம். இரண்டு மாதக் குட்டி என்றால் அதிகபட்சம் மூன்று மணி. சின்ன ரகங்களுக்குச் சிறுநீர்ப்பை சிறியது. அவற்றுக்கு இன்னும் குறைத்தே கணக்குப் போட வேண்டும். நடைமுறையில் இரண்டு மணிக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு போவதுதான் பத்திரம். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள்ளும் கட்டாயம். வயிறு நிறைந்ததும் குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு. நாள் முழுக்கத் தட்டில் தீனி கிடந்தால் இந்தக் கணக்கெல்லாம் குலைந்துபோகும். வேளை தவறாமல் சோறு வைக்கிற வீட்டில் பாதிப் பயிற்சி தானாக நடந்துவிடுகிறது.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த பாட்ரிசியா யாங், டேவிட் ஹு குழு இதையும் அளந்திருக்கிறது. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள், யானை உட்பட, பையைக் காலி செய்ய எடுப்பது சராசரியாக 21 வினாடி. 2014இல் வெளியான இந்த ஆய்வுக்கு மறுவருடம், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தின ஆண்டின் இக் நோபல்களில் ஒன்றும் நாய்க்குத்தான். செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து, பூமியின் காந்தப்புலம் சலனமில்லாமல் இருக்கும்போது அவை உடம்பை வடக்கு தெற்காக வைத்து மலம் கழிக்கப் பார்க்கின்றன என்று கண்டார்கள். வாஸ்து பார்த்து வீடு கட்டியவர்கள் மகிழலாம். ஆக, உட்காருமுன் சுற்றிச் சுற்றி வரும் நாயை “சீக்கிரம், சீக்கிரம்” என்று இழுக்காமல் விடுவது நல்லது.

ஒரு சிக்கல் மட்டும் நிஜமான சிக்கல். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி வரிசை முடியும்போது குட்டிக்கு ஏறத்தாழ பதினாறு வாரம் ஆகியிருக்கும். அதுவரை தெருமண்ணில் குட்டியை இறக்கக் கூடாது. ஆனால் பழக்கம் ஊன்றுவதும் அதே வாரங்களில்தான். வேறு நாய் வராத கொல்லை இருந்தால் கவலை இல்லை. திருப்பதியின் அடுக்குமாடியில் பால்கனியில் ஒரு தட்டில் மண்ணோ புல்லோ போட்டு வைக்கலாம். செய்தித்தாள் விரிப்பவர்கள் அதிகம். மலிவு, கையில் இருப்பது. குட்டிக்கும் தாள்தான் கழிப்பறை என்று பதிந்துபோகும். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, தாத்தா பாதி படித்துத் தரையில் வைத்துவிட்டுப் போன பேப்பரின் மேல் அது போய் உட்கார்ந்தால் குற்றம் யாருடையது?

மாட்டு மணியும் மூக்கும்

நாய்கள் மனிதனிடம் கேட்டு வாங்கத் தெரிந்தவை. இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹன்னா வொர்ஸ்லியும் ஷான் ஓஹாராவும் 37 வளர்ப்பு நாய்களின் வீடியோக்களை உரிமையாளர்களிடமிருந்து வாங்கிப் பார்த்தார்கள். எதையோ குறித்துக் கேட்கும் சைகைகள் மட்டும் பத்தொன்பது தேறின. 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி அவற்றால் நாய்கள் கேட்டது நாலே விஷயம்: சொறிந்துவிடு, சாப்பிடக் கொடு, பொம்மையை எடுத்துக் கொடு, கதவைத் திற.

ஆக, கதவுக்கான சொல் நாயிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை. விளையாட்டை நடுவில் விட்டுவிட்டுத் தரையை மோப்பம் பிடிப்பது, ஒரே இடத்தில் வட்டமடிப்பது, கதவுவரை போய்த் திரும்பி முகத்தைப் பார்ப்பது எல்லாம் விண்ணப்பம்தான். நாய் மூன்று தடவை திரும்பிப் பார்க்கும். சீரியலில் எல்லோரும் மூழ்கியிருந்தால் நாலாவது தடவை மூலை தேடும்.

சின்ன நாயின் விண்ணப்பம் இன்னும் சின்னது. முழங்காலுக்குக் கீழே நடக்கும் முணுமுணுப்பு சமையலறையில் இருப்பவருக்குக் கேட்காது. அதற்குத்தான் மணி. கடையில் நாய்க்கென்றே விற்கும் மணி வேண்டியதில்லை. சந்தையில் கன்றுக்குட்டிக்கு வாங்கும் கழுத்து மணியே போதும். கதவுப் பிடியில் கயிறு கட்டி, குட்டியின் மூக்கு உயரத்தில் தொங்கவிட வேண்டும். மணிக்குப் பின்னால் ஒரு துண்டு பிஸ்கட்டைப் பிடித்தால் மூக்கு மணியில் இடிக்கும். இடித்த அந்த நொடியில் பிஸ்கட். இரண்டு மூன்று நாளில் பிஸ்கட் இல்லாமலே இடிக்கும். அப்போது பிஸ்கட்டுக்குப் பதில் கதவு திறக்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மணி அடித்ததும் கதவைத் திறந்து தெருவில் விட்டால், மணி என்றால் ஊர் சுற்றல் என்று நாய் எழுதிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கோயில் பூசை மாதிரி மணி ஒலிக்கும். இதைத் தவிர்க்க, மணி அடித்தால் கழுத்தில் கயிறு, கொல்லையில் அதே மூலை, மூன்று நாலு நிமிடம், பேச்சில்லை, விளையாட்டில்லை. போனால் அங்கேயே பாராட்டு, அங்கேயே தின்பண்டம். போகாவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே. வேலை முடிந்தபின் கொஞ்சம் நடக்கவிடுவதும் முக்கியம். சிறுநீர் கழித்த மறுநிமிடமே இழுத்துவந்துவிட்டால், முடித்தால் வெளிவாசம் போச்சு என்று கணக்குப்போட்டு அடக்கிவைக்கும். வீட்டுக்குள் வந்தபின் கொடுக்கும் பிஸ்கட்டால் பயனே இல்லை. அது உள்ளே ஓடிவந்ததற்கான கூலி என்றே நாய்க்குப் படும்; அடுத்த தடவை பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவரும்.

தவறு நடந்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பதை இன்னும் பயிற்சி என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். “பாருங்க, தப்புப் பண்ணிட்டோம்னு தெரிஞ்சு எப்படி முழிக்குது!” நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இந்த முழியைத்தான் சோதித்தார். தின்னாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியேறுவார். சில நாய்க்குத் தின்னக் கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. திரும்பி வருபவரிடம் சில சமயம் உண்மை, சில சமயம் பொய். நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் தொடர்பே இல்லை. திட்டு விழுந்தால் முகம் மாறியது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகம் குன்றின. அடி வாங்கிய குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே: மனிதன் பார்க்கும்போது போகக் கூடாது. அப்புறம் கொல்லையில் ஆள் நிற்கும்வரை அடக்கும், கட்டிலுக்கடியில் நிம்மதியாகப் போகும்.

துடைப்பதிலும் ஒரு வித்தை உண்டு. பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. போதாக்குறைக்கு நனைந்த பாதத்தை நக்கும் சின்ன நாய்க்கு அது நல்லதுமல்ல. அம்மோனியா கலந்த திரவம் சிறுநீர் வாடைக்கே பக்கத்தில் நிற்கும். என்சைம் கலந்த கிளீனர்தான் வாடையின் மூலத்தை உடைக்கிறது. அதைப் போட்டு அப்படியே கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும்.

சிட்டா, உட்காரா, கூர்ச்சோவா?

எல்லைப்புறத்தில் இன்னொரு தலைவலி. பாட்டி தமிழில் “உட்காரு” என்பார், பக்கத்து வீட்டுப் பையன் தெலுங்கில் “கூர்ச்சோ”, பெங்களூரிலிருந்து வரும் மாமா கன்னடத்தில் “கூத்கோ”. இதற்கு நடுவில், தமிழனோ தெலுங்கனோ, நாயைப் பார்த்ததும் நாக்கில் வருவது இங்கிலீஷ்: சிட், கம், நோ. திராவிட மொழிகளுக்கென்று 1997இல் குப்பத்தில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. பக்கத்து ஊர் நாய்கள் சேர்க்கை இல்லாமலே அதில் படித்துக்கொண்டிருக்கின்றன.

மொழி மாறுவது நாய்க்குத் தெரியும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. லாரா குவாயா என்ற ஆய்வாளர் தன் நாயோடு மெக்சிகோவிலிருந்து புடாபெஸ்ட்டுக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே அவரும் கூட்டாளிகளும் 18 நாய்களை மூளை ஸ்கேனருக்குள் அசையாமல் படுக்கவைத்து ஸ்பானிஷும் ஹங்கேரியனும் கேட்கவைத்தார்கள். பழகிய மொழியையும் அந்நிய மொழியையும் நாய்மூளை வேறுபடுத்துகிறது என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் வேறுபடுத்துவது வேறு, மூன்று சொல்லுக்கும் ஒரே பொருள் என்று பிடித்துக்கொள்வது வேறு. எந்த மொழியானாலும் சரி, வேலைக்கு ஒரு சொல். ஒதுங்குவதற்கு ஒன்று, உட்கார ஒன்று, விடுதலைக்கு ஒன்று. குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டினால் மாமாவுக்கும் மறக்காது.

சொல்லைவிடக் கை சுலபம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பயிற்சியே இல்லாத தெருநாய்களிடம் தூரத்துக் கிண்ணத்தைக் கைகாட்டிப் பார்த்தது. பயத்தில் பல நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் பத்துக்கு எட்டு, காட்டிய பக்கமே போயின. 2020இல் வெளியானது இந்த ஆய்வு. தெருவில் எடுத்த குட்டிக்குப் புத்தி மட்டு என்று சொல்பவர்களுக்கு இது போதும்.

தாழ்ப்பாளில் கை

வாசல் ஒழுக்கத்துக்குப் பிஸ்கட்டைவிடப் பெரிய கூலி கதவேதான். அதிகம் விரும்பும் செயலை, அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959இல் எழுதிவைத்தார். பாடம் இப்படிப் போகும். நாய் உட்கார்ந்திருக்கிறது, கை தாழ்ப்பாளுக்குப் போகிறது. நாய் எழுந்தால் கை திரும்பி வந்துவிடும். திட்டு இல்லை, ‘உட்காரு’ என்ற கெஞ்சலும் இல்லை. மறுபடி உட்கார்ந்தால் கை மறுபடி போகும். தாழ்ப்பாள் சத்தத்துக்கு அசையாமல் இருந்தால் கதவு ஒரு விரற்கடை திறக்கும். எழுந்தால் மூடும். முதல் நாள் இது சலிப்பு தரும். சில நாளில், கதவு திறப்பதே தன் பின்புறம் தரையில் இருப்பதால்தான் என்று நாய் கண்டுபிடித்துவிடும். பிறகு விடுதலைச் சொல். கழுத்துக் கயிறு மாட்டியேதான் இதெல்லாம். சின்ன நாய்க்கு கிரில் கேட்டின் இடுக்கே ஒரு கதவு என்பதால் அடிப்பகுதியில் வலை அடிப்பதும் நல்லது.

மனிதன்தான் முதலில் வாசல் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் நாய் தலைவனாகிவிடும் என்பது பழைய கதை. தலைவன் ஓநாய் என்ற எண்ணத்தைப் பரப்பிய நூல்களில் ஒன்றை 1970இல் எழுதிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், 1999இல் தானே அதைத் திருத்தி எழுதினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். வாசலில் நிற்கச் சொல்வது அதிகாரத்துக்காக அல்ல, லாரிக்காக.

மணியையும் காத்திருப்பையும் ஒரே நேரத்தில் கலப்பதுதான் பெரிய பிசகு. முட்டிக்கொண்டு மணி அடிக்கும் குட்டியை வாசலில் உட்காரவைத்துப் பொறுமை சோதித்தால் பாடம் அங்கேயே தரையில் ஒழுகும். விடிகாலை முதல் நடையும், அவசர மணியும் விலக்கு. தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். காத்திருக்கும் பாடத்தை வயிறும் பையும் காலியான பிறகு நடத்தலாம்.

அழைப்பு மணிக்கு வேறு பாடம். மணி கேட்டதும் குரைத்துக்கொண்டு ஓடுவதற்குப் பதில், ஹாலில் ஒரு பாய்க்கு ஓடப் பழக்குவது. பாயில் ஏறினால் தின்பண்டம், இறங்கினால் இல்லை. நடக்காத காரியமல்ல. காது கேளாதவர்களுக்கு உதவும் நாய்களைப் பழக்கும் பிரிட்டிஷ் அமைப்பு ஒன்று 1982 முதல் இயங்குகிறது. சின்ன பூடில்களும் அங்கே பழக்கப்படுகின்றன. வாசல் மணி அடித்தால் அவை குரைக்காமல் ஓடிவந்து காலால் தொட்டு, ஆளைக் கதவுக்குக் கூட்டிப்போகும்.

கதவுக்கு அப்பால் இருப்பது அடுத்தவர் இடம். நாயைக் கயிற்றில் கட்டி நடத்துவதும், பொது இடத்தில் அது கழித்ததை அள்ளுவதும் வளர்ப்பவர் பொறுப்பு என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. அதே அறிக்கையில், குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போடக் கூடாது என்றும் இருக்கிறது. சங்கக் கூட்டங்களில் அவரவருக்கு வேண்டிய பாதியை மட்டும் படித்துக் காட்டுவது வழக்கம்.

எல்லாம் பழகி, மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் போகத் தொடங்கினால் அதைப் பயிற்சிக் குறையாகப் பார்க்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, பையில் கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எதுவும் இருக்கலாம். ஆள் குனிந்து தொட்டதும் சொட்டு விடுவது பயமோ ஆனந்தமோ. பெரும்பாலும் வயதோடு போய்விடும், திட்டினால் கூடும். இந்த வட்டாரத்துக்குத் திருப்பதியில் 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 2005இல் வந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்போது இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டலாம். எப்படியும் சிறுநீர் மாதிரி கேட்பார்கள். விடிகாலை முதல் சிறுநீர்தான் சரி. குட்டைக்கால் நாய்க்கு அடியில் பாட்டில் நுழையாது. நீளப் பிடி வைத்த பழைய குழம்புக் கரண்டியைக் கழுவிக் காயவைத்து, நாய் உட்கார்ந்த பிறகு பின்னாலிருந்து மெதுவாக நீட்டினால் போதும். அதில் பிடித்ததைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றிச் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தக் கரண்டி இனிமேல் சமையலறைக்குத் திரும்பாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைப்பது உத்தமம்.